டீசல் யார் வண்டிக்கு?

எழுதுபவர்: ஒரு தோட்டக் கிராணி

எங்கள் தோட்டத்து நிர்வாகத்துக்குப் புதிய யோசனை ஒன்று உதித்திருக்கிறது. லயத்து வீடுகளில் மிஞ்சும் பழைய சமையல் எண்ணெயையும், காட்டில் உதிரும் ரப்பர் கொட்டையையும் சேர்த்து, ஸ்டோருக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் டீசல் காய்ச்சலாமாம். எண்ணெய் கொண்டுவந்து ஊற்றுவது, கொட்டை பொறுக்குவது, கொட்டகையைக் கவனித்துக்கொள்வது ஆகிய எல்லாமே 'கோத்தோங் ரோயோங்' முறையில் நடக்கும் என்று பிரட்டுக் களத்தில் அறிவித்தார்கள். கோத்தோங் ரோயோங் என்பது அருமையான மலாய்ச் சொல். கூடி உழைப்பது என்று அதற்குப் பொருள். கூலி வாங்காமல் உழைப்பது என்று எந்த அகராதியிலும் நான் பார்த்ததில்லை.

கிளைச் செயற்குழுவில் இது விவாதத்துக்கு வந்தது. மூத்த தோழர் ஒருவர், "தம்பி, மேலேயிருந்து சும்மா வந்தது எதுவும் சும்மா வந்ததில்லை. வேண்டாம் என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிடு" என்றார். இளைஞர்களோ, "அண்ணே, அது என்னவென்று தெரியாமலே வேண்டாம் என்றால் எப்படி?" என்று கேட்டார்கள். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. ஆகவே முதலில் போய்ப் பார்ப்பது, பிறகு பேசுவது என்று முடிவாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பால் நிறுத்து முடித்த கையோடு, மரம் வெட்டும் தோழர்கள் மூவர், பெண் தோழர் ஒருவர், லாரி ஓட்டுநர் ஒருவர், நான் ஆக ஆறு பேர் கிளம்பினோம்.

நாங்கள் போனது ஒரு கம்போஸ்ட் உரப் பண்ணை. ரசாயன உரமும் மருந்தும் தொடாத பண்ணை. நடத்துபவர் சீனர், முன்பு லாரிப் பட்டறையில் இருந்தவர். மலாயில் பேசிக்கொண்டோம். கோழி எரு, மரத்தூள், சந்தைக் கழிவு, பழம் உதிர்த்த செம்பனைக் குலை ஆகியவற்றை நீளநீளமான மேடுகளாகக் குவித்து வைத்திருக்கிறார். ஓர் இரும்புக் கம்பியை மேட்டுக்குள் செருகிச் சற்று நேரம் கழித்து உருவித் தந்தார். பிடிக்க முடியவில்லை. அறுபது பாகை வரை சூடு ஏறுமாம். அடுப்பும் இல்லை, விறகும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் தின்று செரிக்கிற சூடு அது. அந்தச் சூட்டில்தான் களை விதையும் நோய்க் கிருமியும் சாகின்றன.

மேடுகளைப் புரட்டிப் போட டிராக்டர் வேண்டும். உரத்தைக் கொண்டுபோக லாரி வேண்டும். இரண்டும் டீசல் குடிப்பவை. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் மானியம் எடுக்கப்பட்டது நினைவிருக்கும். லிட்டர் 2 வெள்ளி 15 காசாக இருந்தது, விடிந்தபோது 3 வெள்ளி 35 காசு. ஒரே இரவில் லிட்டருக்கு 1 வெள்ளி 20 காசு! அன்றுதான் இந்தப் பட்டறைக்கு எண்ணம் வந்தது என்றார். சிற்றூர்ச் சாப்பாட்டுக் கடைகளிலிருந்து பழைய எண்ணெயை வாங்கிக்கொண்டு, பதிலுக்குப் பண்ணைக் கீரையும் காய்கறியும் கொடுக்கிறார்.

பட்டறை என்றதும் பெரிய ஆலையை நினைக்க வேண்டாம். தகரக் கூரை, நான்கு பக்கமும் திறப்பு, சிமெண்டுத் தரை, மூன்று பீப்பாய்கள், ஒரு பம்பு, ஒரு தராசு. நம் பழைய புகைக்கூடம் இதைவிடப் பெரிது.

செய்முறையைத் தெரிந்த மட்டும் சொல்கிறேன். எண்ணெயை வடிகட்டிச் சூடாக்கி, அதில் கலந்துள்ள தண்ணீரை முதலில் விரட்டுகிறார்கள். தண்ணீர் இருந்தால் டீசல் வராது, சோப்பு வந்துவிடும். உண்மையில் இது சோப்புக் காய்ச்சும் வேலைக்கு உடன்பிறப்புத்தான். அடுத்து, எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சோதிக்கிறார்கள். இங்கேதான் எங்களுடன் வந்த அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சோதனைக்கு அவர் எடுத்தது மஞ்சள் தூள்! மஞ்சளில் காரப் பொருள் சேர்ந்தால் சிவக்கும். சுண்ணாம்பும் மஞ்சளும் கலந்து ஆரத்தி கரைக்கும் எந்தப் பெண்ணுக்கும் இது தெரிந்த சங்கதி. காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எத்தனை சொட்டில் மஞ்சள் சிவக்கிறதோ, அதை வைத்து எவ்வளவு காரம் போட வேண்டும் என்று கணக்கிடுகிறார். எண்ணெய் கெட்டது அதிகமென்றால் காரமும் அதிகம்.

பிறகு மெத்தனால் என்னும் சாராய வகையில் அந்தக் காரத்தைக் கரைத்து, மூடிய பாத்திரத்தில் சூடான எண்ணெயோடு சேர்த்துக் கலக்குகிறார்கள். மெத்தனால் 65 பாகையில் கொதித்துப் போய்விடும் என்பதால் சூடு அதற்குக் கீழேயே நிற்க வேண்டும். நூறு லிட்டர் எண்ணெய்க்கு இருபது லிட்டர் மெத்தனால். ஓர் இரவு அசையாமல் விட்டால், கறுத்த கிளிசரின் அடியில் படிந்துவிடும். மேலே நிற்பது டீசல். அதைத் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று முறை கழுவி, ஈரம் போக உலர்த்தினால் கண்ணாடிக் குவளைக்குப் பின்னால் வைத்த பத்திரிகையைப் படிக்கலாம். நூறு லிட்டர் எண்ணெய் போட்டால் ஏறக்குறைய நூறு லிட்டர் டீசல் கிடைக்கிறது.

கம்போஸ்ட் பண்ணையில் இந்தப் பட்டறை ஏன் பொருந்துகிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. காரமாக அவர் போடுவது பொட்டாசியம் காரம். உர ஸ்டோரில் மூட்டை எண்ணும் கிராணிக்குப் பொட்டாஷ் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மெத்தனாலை முழுக்க வெளியேற்றிய பிறகு, மிஞ்சும் கிளிசரினைச் சிறிது சிறிதாக உர மேட்டில் சேர்க்கிறார். கிருமிகளுக்கு அது தீனி. மிஞ்சும் பொட்டாசியம் செடிக்கு உரம். சோடியம் காரம் மலிவு, ஆனால் மண்ணைக் கெடுக்கும் என்றார்.

இன்னொன்று. அவருடைய லாரியில் ரப்பர்க் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறார். ஏனென்றால் இந்த எண்ணெய் டீசல், இயற்கை ரப்பரை ஊறவைத்து இளக்கித் தின்றுவிடுகிறது. நாம் விடியலில் எழுந்து கொசுக்கடியில் வெட்டிய பாலில் செய்த குழாய்க்கு இந்தப் புது டீசல் எமன்! ஓட்டுநர் தோழர் இதைக் கேட்டு, "நம்ம பாலுக்கு இங்கேயும் பகையா?" என்றார்.

பார்த்தவரை வேலை சுத்தமான வேலை. பண்ணைக்காரர் கெட்டிக்காரர், நேர்மையானவர். எதையும் மறைக்கவில்லை. ஆனால் அவர் கதை வேறு, நம் கதை வேறு. அதைத்தான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் மெத்தனால். பண்ணைக்காரர் இதைப் பூட்டிய இரும்புக் கூண்டுக்குள் வைத்திருக்கிறார். சாவி அவர் இடுப்பில். வீடு அங்கிருந்து வெகு தூரம். பால் உறையப் போடும் ஆசிட் கையில் தெறித்தால் சுரீரென்று எரியும், உடனே கழுவுவோம். மெத்தனால் அப்படி எச்சரிக்காது. தோலில் பட்டால் குளுகுளுவென்று இருக்கும். தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். ஆவியாக மூச்சிலும் போகும். பட்டப் பகலில் அது பற்றி எரிந்தால் தீ கண்ணுக்குத் தெரியாது. குடித்தவனுக்கு முதலில் வெறும் போதை போலவே இருக்கும். பல மணி நேரம் கழித்துத்தான் கண் மங்கும், பிறகு பார்வை போகும், உயிரும் போகும்.

2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் நடந்ததை மறக்கலாமா? மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார் முதலிய நாடுகளிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளிகள். இன்று நம்மோடு நிரை பிடித்து மரம் வெட்டுகிறவர்களும் அவர்களுடைய சகோதரர்கள்தாம். அவர்களுக்குத் தமிழும் தெரியாது, மலாயும் அரைகுறை. ஸ்டோருக்குப் பின்னால், லயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், சாராய வாடையடிக்கும் பீப்பாய் ஒன்றைப் பூட்டில்லாமல் வைத்துவிட்டு, 'ஆபத்து' என்று ஒரு பலகை மாட்டினால் போதுமா? சம்சு குடித்து அழிந்த குடும்பங்களை நம் தோட்டங்கள் போதுமான அளவு பார்த்துவிட்டன.

மருந்து விஷயத்தில் நமக்குப் பழைய அனுபவம் உண்டு. பாராகுவாட் களைக்கொல்லியை முதுகில் சுமந்து அடித்த பெண்களின் நகங்களைக் கண்டவர்கள் நாம். அந்த மருந்துக்கு 2002-இல் தடை வந்தது, 2006-இல் தளர்ந்தது, மறுபடியும் முழுத் தடை வர 2020 ஜனவரி முதல் தேதி ஆயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் அதை அடித்தது யார்? முடிவெடுத்தவர்கள் யாரும் தோளில் பம்பு மாட்டவில்லை. ஆகவே, இந்தப் பீப்பாயை யார் கலக்குவது, எந்தக் கையுறை, எந்தக் கண்ணாடி, யார் பயிற்சி கொடுப்பது, அடிபட்டால் யார் பொறுப்பு என்று கேட்காமல் நாம் அசையக் கூடாது.

இரண்டாவது, டீசல் எந்த வண்டிக்கு? இந்த ஒரு கேள்வியில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பேன். மரம் வெட்டுகிறவர் காட்டுக்குப் போவது மோட்டார் சைக்கிளில். அது பெட்ரோல் வண்டி. இந்த டீசல் அதில் ஓடாது. புல்வெட்டும் இயந்திரமும் பெட்ரோல்தான். டீசலில் ஓடுபவை எவை? பால் லாரி, டிராக்டர், ஜெனரேட்டர். அவை யாருடையவை? ஆக, நம் வீட்டு எண்ணெய் நிர்வாகத்தின் வண்டியில் ஊற்றப்படும். மிச்சமாகும் பணம் நிர்வாகத்தின் கணக்கில் ஏறும். நமக்குக் கிடைப்பது கோத்தோங் ரோயோங் நற்சான்றிதழும், வருடக் கடைசியில் எடுத்துக்கொண்ட ஒரு படமும்.

நம் வீட்டில் எண்ணெய் மிஞ்சுகிறதா என்றும் கேட்க வேண்டும். 2 வெள்ளி 50 காசுக்கு விற்ற மானிய எண்ணெய்ப் பாக்கெட்டுக்கு வரிசையில் நின்றவர்கள் நாம். அப்பளம் பொரித்த எண்ணெயில் மறுநாள் மீன், மீன் பொரித்ததில் அதற்கடுத்த நாள் குழம்புத் தாளிப்பு என்று கடைசிச் சொட்டு வரை ஓட்டுகிற வீடுகள் இவை. தீபாவளி முறுக்குச் சுட்ட வாரத்தில் வேண்டுமானால் நாலு போத்தல் சேரும். அதையும் பழைய எண்ணெய் வாங்கும் வியாபாரி காசு கொடுத்து எடுத்துப் போகிறான். காசுக்குப் போகிற பொருளை இனாமாகக் கேட்பது என்ன நியாயம்?

இனி ரப்பர் கொட்டை. இதில்தான் யோசனை சொன்னவர்களுக்கு அதிக உற்சாகம். கொட்டையில் எண்ணெய் இருப்பது உண்மைதான். பருப்பில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் இருக்கும். கேரளத்தில் கோழிக்கோட்டுத் தேசியத் தொழில்நுட்பக் கழக ஆராய்ச்சியாளர்கள் 2005-இல் ரப்பர் கொட்டை எண்ணெயில் டீசல் செய்து காட்டினார்கள். ஆனால் அவர்கள் சொன்ன அடுத்த பாதியையும் படிக்க வேண்டும். அந்த எண்ணெயில் அமிலம் மிகுதி. ஒரே தடவை காரம் போட்டால் சோப்பாகிவிடும். முதலில் கந்தக அமிலத்தால் ஒரு முறை, பிறகு காரத்தால் ஒரு முறை என இரு கட்டமாகச் செய்ய வேண்டும். மெத்தனாலோடு கந்தக அமிலமும் கொட்டகைக்கு வரும் என்று பொருள். இதைப் பிரட்டுக் களத்தில் யாரும் சொல்லவில்லை. எண்ணெய் பிழிந்த பிண்ணாக்கிலும் நஞ்சு உண்டு. மரவள்ளியில் இருக்கும் அதே வகை. வேகவைக்காமல் ஆட்டுக்குப் போட்டால் ஆடு போகும்.

செக்ரோல் எழுதும் கை சும்மா இருக்குமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்துக் கிலோ கொட்டையில் ஓடு போகப் பாதி பருப்பு என்று வைப்போம்: ஐந்து கிலோ. அதில் எண்ணெய் இரண்டு கிலோ. சிறு செக்கில் அத்தனையும் இறங்காது. ஒன்றரை லிட்டர் கண்டால் அதிர்ஷ்டம். அது முழுவதும் டீசலாக மாறியதாகவே கொண்டாலும், மானியம் போன அன்றைய விலையில் 5 வெள்ளி 3 காசு. மெத்தனால் செலவை நான் இன்னும் கழிக்கவில்லை. இப்போது கூலியைப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனபோது, மணிக்கு 8 வெள்ளி 17 காசு என்று நிர்ணயித்தார்கள். பத்துக் கிலோ கொட்டையைப் புல்லுக்குள் குனிந்து பொறுக்கி, காயவைத்து, உடைத்து, பருப்பெடுக்க ஒரு மணி நேரம் போதுமா? குனிந்து பார்த்தவர்கள் சொல்லட்டும். சட்டப்படி கூலி கொடுத்தால் இந்தத் தொழில் நஷ்டம். கூலி கொடுக்காவிட்டால்தான் லாபம். நிர்வாகத்தின் காகிதத்தில் கூலிக்கென்று பத்தியே இல்லாததன் காரணம் இப்போது புரிகிறதா?

கொட்டை வெடித்துச் சிதறும் மாதங்களில் பிள்ளைகள் அதைப் பொறுக்கி விளையாடுவது நமக்கெல்லாம் பழக்கமானது. 'பிள்ளைகளும் உதவலாம்' என்று ஒரு வரி அந்தக் காகிதத்தில் இருக்கிறது. விளையாட்டு வேறு, மூட்டைக் கணக்கு வேறு. தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளின் மாலை நேரம் பாடத்துக்கு உரியது. அந்த வரியை அடித்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

உழைப்பவன் எண்ணெய் தருவதும் வண்டி வேறொருவனுக்கு ஓடுவதும் இன்று நேற்று வந்த கதையல்ல. 1937-இல் பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்துச் சாவான் என்பவர் பனை எண்ணெயிலிருந்து இத்தகைய டீசல் செய்யும் முறைக்குப் பெல்ஜியத்தில் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டு கோடையில் பிரஸ்ஸல்ஸ் நகருக்கும் லூவேனுக்கும் இடையே ஒரு பஸ் அந்த எண்ணெயில் ஓடியது. பெல்ஜியத்தில் ஏது பனை? அது அன்று பெல்ஜியத்தின் காலனியாயிருந்த காங்கோவின் விளைபொருள். அங்கே பழம் வெட்டிய கறுப்பினத் தொழிலாளி அந்தப் பஸ்ஸில் ஏறியிருப்பானா?

நம் நாட்டிலும் 1980-களில் செம்பனை டீசலை பஸ்களில் ஊற்றி ஓட்டிப் பார்த்தார்கள். 2006-இல் தேசிய உயிர் எரிபொருள் கொள்கை வந்தது. 2011-இல் டீசலில் நூற்றுக்கு ஐந்து பங்கு செம்பனை டீசல் கலக்கத் தொடங்கி, 2019-இல் அது பத்துப் பங்காயிற்று. செம்பனை எண்ணெய் விலை சரியாமல் தாங்கிப் பிடிப்பதும் இதன் நோக்கங்களில் ஒன்று. நல்லதே. ஆனால் விலை தாங்கி நின்ற நாட்களில் பழம் வெட்டியவரின் சம்பளச் சீட்டு எந்த அளவு உயர்ந்தது என்று செம்பனைத் தோட்டத் தோழர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் சொன்னதால், மூத்த தோழர் சொன்னபடி ஒரே வரியில் 'வேண்டாம்' என்று எழுதச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். அதில் எனக்கு உடன்பாடில்லை. ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட காலத்தில் முதலில் வீதிக்கு வந்தவர்கள், உளியைத் தவிர வேறு கருவி தொடப் பழகாதவர்கள்தாம். டிராக்டர் தெரிந்தவரும் இயந்திரம் கழற்றத் தெரிந்தவரும் எப்படியோ தப்பித்துக்கொண்டார்கள். அந்தப் பண்ணையில் எங்களுடன் வந்த இரண்டு இளைஞர்கள் தராசையும் மஞ்சள் கரைசலையும் விட்டு நகரவே இல்லை. பண்ணைக்காரர் எடுத்த அளவுகளை ஒருவன் சிகரெட் அட்டையின் பின்புறத்தில் எழுதிக்கொண்டான். இந்த ஆவலை 'துரை யோசனை' என்ற பெயரால் நாமே கிள்ளி எறிவதா?

வேறு வழி இருக்கிறது. 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டாடப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளி வாங்குவதா என்று சிரித்தவர்கள் உண்டு. தொழிலாளிகளின் சிறு சேமிப்பிலிருந்துதான் அந்தச் சங்கம் தோட்டம் வாங்கியது. அதன் பிற்காலத்து நிறைகுறைகளைப் பற்றித் தனியாகப் பேசலாம். உடைமை நம் கையில் இருந்தால் பேச்சே மாறும் என்பதற்காகச் சொன்னேன். ஒரு பீப்பாய்ப் பட்டறைக்குத் தோட்டம் வாங்கும் அளவுக்குப் பணமும் தேவையில்லை. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் டீசல் வேன். கோயில் திருவிழாவுக்கு வாடகைக்கு எடுக்கும் ஜெனரேட்டரும் டீசல்தான். எண்ணெயும் நம் வீட்டில் மிஞ்சும் நாலு போத்தலை நம்பி இராது. டவுனில் உள்ள சாப்பாட்டுக் கடைகளில் நம்மவர் கடைகளே எத்தனையோ! லயத்துக் குப்பையும் மாட்டுச் சாணமும் கம்போஸ்டானால் வீட்டுக் கொல்லைக் கீரைக்கு ஆகும்.

அதற்கும் சில காரியங்கள் முதலில் நடக்க வேண்டும். உயிர் எரிபொருள் செய்வதற்கும் விற்பதற்கும் உரிமம் கேட்கும் சட்டம் 2007-லேயே இயற்றப்பட்டுவிட்டது. நம்மைப் போன்ற சிறு முயற்சிக்கு அது எப்படிப் பொருந்தும் என்று சங்கத் தலைமையகம் சம்பந்தப்பட்ட இலாகாவில் எழுத்து மூலம் கேட்டுப் பதில் பெற வேண்டும். பதில் வருமுன் ஒரு பீப்பாய்கூட வாங்கக் கூடாது. ரப்பர் கொட்டை யோசனையை அறவே விட்டுவிட வேண்டும். பழைய எண்ணெயோடு நிற்பதே புத்தி. கொட்டகை லயத்தை விட்டுத் தள்ளி, காற்றோட்டமாக, பூட்டோடு இருக்க வேண்டும். அதில் வேலை செய்பவர் பெயர் செக்ரோலில் ஏற வேண்டும், மணிக்கணக்குப்படி.

நிர்வாகமே நடத்த விரும்பினால் தாராளமாக நடத்தட்டும். கொட்டகை அவர்களுடையது, லாரி அவர்களுடையது. அப்படியானால் எண்ணெய்க்குக் கிலோ விலை, ஆளுக்குக் கூலி, மெத்தனால் தொடுபவருக்குப் பயிற்சியும் பாதுகாப்புச் சாதனமும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். நானே நல்ல தமிழிலும் மலாயிலும் நகல் தயாரித்துத் தருகிறேன். வங்காளத் தோழர்களுக்கு அவர்கள் மொழியில் எழுதிக் கொடுக்கவும் ஆள் பார்த்திருக்கிறேன்.

அடுத்த மாதக் கிளைப் பொதுக்கூட்டத்தில் இந்தத் தீர்மானம் வருகிறது. பெண் தோழர்கள் அவசியம் வர வேண்டும். கொட்டை பொறுக்க முதலில் கூப்பிடப் போவது உங்களைத்தான். கூட்டம் மாலையில், ஆயக்கொட்டகையில் நடக்கும். பண்ணைக்காரர் கொடுத்தனுப்பிய ஒரு குவளை டீசலும் ஒரு குவளை கிளிசரினும் மேசையில் இருக்கும். முகர்ந்து பார்க்கலாம், மேசையருகே புகைபிடிக்க வேண்டாம்.